அழியப்போவதற்கு ஒழுங்கெதற்கு என்பார்க்கு

மின்சாரம் அற்ற கணத்திலேயே தன்னிடமுள்ள யாவற்றையும் இழந்துவிடும் இயல்புடைய ராம் நினைவகத்தின்மேல் கட்டப்பட்ட ஒரு கோப்பு முறைமையை, கருவியை நிறுத்துவதற்கு முன்னர் ‘சிங்க்’ செய்வதும் ‘அன்மவுண்ட்’ செய்வதும் பொருளற்ற சடங்குகளே என்னும் கொள்கை, சிறு கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவோரிடையே இன்று ஏறத்தாழ மறுப்பாரில்லாத பிரமாணமாக நிலைபெற்றுவிட்டது. அனுபவம் முதிர்ந்த பொறியியலாளர் அதனைப் புன்னகையோடு சொல்கின்றனர். அவரிடம் பயிலும் இளைஞர் அதனை அவரினும் உறுதியாகச் சொல்கின்றனர். எப்படியும் அழியப்போகும் பொருளுக்கு ஒழுங்கெதற்கு என்ற ஒரே வினாவோடு விவாதம் முடிந்துவிட்டதாக இருசாராரும் எழுந்து போய்விடுகின்றனர். அந்த வினா கேட்பதற்கு அழகாயிருக்கின்றது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆயினும் அது இயங்குதளத்தின் கருவாகிய கேர்னலைப் பற்றிய ஓர் உண்மையை எடுத்துக்கொண்டு, கருவியைப் பற்றிய ஒரு பொய்யை அதன் நிழலில் ஒளித்து வைக்கின்றது என்பதும், அந்தப் பொய்யின் செலவைக் கருவியை எழுதியவர் அல்லாமல் அதை விலைகொடுத்து வாங்கியவரே இறுக்கின்றார் என்பதும் என் கட்சி.

யாழ்ப்பாணத்திலே கண்டனம் எழுதுவது புதுத் தொழிலன்று. நல்லூர் ஆறுமுக நாவலர் காலந்தொட்டு இங்குள்ள அச்சுக்கூடங்கள் கண்டனங்களாலும், கண்டனங்களுக்கு எழுந்த மறுகண்டனங்களாலும் ஓய்வின்றி உழைத்திருக்கின்றன. அத்தொழிலின் முறையைச் சிவஞான சித்தியார் முன்னரே வகுத்து வைத்திருக்கின்றது: பிறர் கொள்கையாகிய பரபக்கத்தை முதலில் முழுமையாகச் சொல்லி, அதன்பின்னரே தன் கொள்கையாகிய சுபக்கத்துக்கு வரவேண்டும். எதிராளியின் கொள்கையை நொண்டியாக்கி நிறுத்திவைத்துப் பின் அதனைத் தள்ளி விழுத்துவதில் வீரமொன்றுமில்லை. அவர் தாமே கேட்டாலும் தலையசைக்கத்தக்க வகையில் அதைச் சொன்ன பின்பு மறுப்பதே முறை. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இருந்துகொண்டு அந்த முறையை மீறி எழுதினால், எழுதியதை வாசிக்கு முன்னரே ஊரிலுள்ள பெரியவர்கள் கணக்குக் கேட்பார்கள் என்பதும் ஒரு காரணம்.

முதலில் விஷயம் இன்னதென்று சொல்லவேண்டும். பலாலி வீதியோரத்து வீடாயினும், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே உள்ளொதுங்கிய வீடாயினும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்ற பிள்ளைகளோடு பேசுவதற்காகச் சுவரில் மாட்டப்பட்ட ஒரு றவுட்டர் இல்லாத வீடு உரும்பிராயிலே இன்று குறைவு. அச்சிறு பெட்டி உண்மையில் ஒரு கணினி. பெரும்பாலும் லினக்ஸ் கேர்னலின் மேலேயே அது இயங்குகின்றது. கடையிலுள்ள கண்காணிப்புக் கமராவின் பதிவுப் பெட்டியும், கூரைமேல் சூரியத் தகடு போட்டவர் வீட்டு இன்வேட்டரின் தரவுப் பதிவியும் அவ்வினத்தனவே. இவ்வகைக் கருவிக்குள் இரண்டு விதமான நினைவுகள் உள்ளன. பிளாஷ் என்பது மின்சாரம் போனாலும் எழுதியதை வைத்திருப்பது. ஆனால் எழுதி அழிக்கும் தடவைகளுக்கு அதற்கோர் எல்லை உண்டு. ராம் என்பது எத்தனை தடவை எழுதினாலும் சலியாதது. ஆனால் மின்சாரம் உள்ளவரைக்குமே அதற்கு ஞாபகம். பழைய ரகப் பிளாஷ் ஒரு கட்டத்துக்கு ஏறத்தாழ 1,00,000 அழிப்புகளைத் தாங்கியது. ஒரே நினைவுக் கலத்தில் பல பிட்டுகளை நெருக்கி வைக்கும் இக்காலத்து மலிவு ரகங்கள் சில ஆயிரங்களோடு ஓய்ந்துவிடுகின்றன. கணத்துக்குக் கணம் எழுதப்படும் நடப்புப் பதிவுகளைப் பிளாஷிலேயே எழுதிக்கொண்டிருந்தால் கருவி ஆயுள் முடியுமுன் செத்துவிடும் என்பது வெறும் அச்சமன்று. டெஸ்லா நிறுவனம் 2021 பெப்ரவரியில் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திருப்பி அழைக்க நேர்ந்தது, அவற்றின் நடுத்திரைக் கணினியில் இருந்த 8 ஜிகாபைட் பிளாஷ் எழுதியெழுதித் தேய்ந்து போனமையாலேயே.

ஆகவே பொறியியலாளர், அடிக்கடி மாறுவனவற்றை எல்லாம் ராம் மேலுள்ள ஒரு கோப்பு முறைமைக்கு மாற்றினார்கள். லினக்ஸில் அதற்கு ராம்எஃப்எஸ் என்றும் டெம்ப்எஃப்எஸ் என்றும் இரண்டு வடிவங்கள் உண்டு. முன்னதற்கு அளவெல்லை கிடையாது. கவனிப்பாரில்லாவிடின் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடும். பின்னது, வேறு சொல்லாவிட்டால், நினைவகத்தின் பாதியோடு நிற்கும். இது நல்ல ஏற்பாடு. இந்த ஏற்பாட்டோடு எனக்கு வழக்கில்லை.

இனிப் பரபக்கம். அது மூன்று தூண்களில் நிற்கின்றது. ‘சிங்க்’ என்பது, எழுதப்பட்டுவிட்டதாகச் செயலி நம்பியிருக்க, உண்மையில் ராமிலுள்ள கேர்னலின் பக்கச் சேமிப்பிலேயே தங்கியிருக்கும் அழுக்குப் பக்கங்களை நிலையான ஊடகத்துக்குத் தள்ளும் கட்டளை. ராம்எஃப்எஸ்ஸில் அந்தப் பக்கச் சேமிப்புத்தான் கோப்பு முறைமையே. தள்ளுவதற்கு அப்பால் ஓர் ஊடகம் இல்லை. கேர்னலின் மூலநிரலில் அவ்விடத்தைத் திறந்து பார்த்தால், அங்கே வைக்கப்பட்டுள்ள செயற்கூறு ஒன்றுமே செய்வதில்லை. ‘வெற்றி’ என்று பூச்சியத்தைத் திருப்பித் தருவதோடு அதன் கடமை தீர்ந்தது. டெம்ப்எஃப்எஸ்ஸின் பக்கங்கள் இடமாற்றுப் (ஸ்வாப்) பகுதிக்குச் செல்லக்கூடுமாயினும், சிறு கருவிகளில் அப்பகுதி பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் மறுதொடக்கத்தின் பின் அது எவருக்கும் பயன்படாது. இது முதல் தூண். கோப்பு முறைமையைக் கழற்றி வைப்பதாகிய அன்மவுண்டைச் செய்தாலும் உள்ளிருப்பது அழிகின்றது, செய்யாவிட்டாலும் அழிகின்றது. முடிவு ஒன்றாயிருக்க வழியைப் பற்றிய கவலை ஏன் என்பது இரண்டாவது. மூன்றாவது தூணே உண்மையில் வலுவுள்ளது: மின்சாரம் அறிவித்துவிட்டுப் போவதில்லை; ஆதலால் ஒழுங்கான நிறுத்தம் என்ற ஒன்றை நம்பிக் கருவி அமைப்பதே தவறு; எந்நேரத்தில் விழுந்தாலும் எழக்கூடியதாக அதனை அமைத்துவிட்டு, நிறுத்தத்துக்கெனத் தனிப்பாதை வைக்காமல் விடுவதே அறிவு. இக்கருத்தை ஜோர்ஜ் கண்டேயா, ஆர்மாண்டோ ஃபொக்ஸ் என்னும் இருவர் 2003 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாகவே எழுதினர். அதை மேற்கோள் காட்டாத எதிர்க்கட்சியாளர் அரிது.

முதல் தூணை நான் இடிக்கப் போவதில்லை, ஏனெனில் அது உண்மை. ஆனால் அது எதன் உண்மை என்பதைப் பார்க்கவேண்டும். ‘ராம் கோப்பு முறைமை’ என்ற ஒரே பெயரின் கீழ் இவர்கள் பல வேறு வஸ்துக்களைக் கட்டிவைக்கின்றார்கள். நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டுப்போல நடிக்கவைத்து, அதன்மேல் எக்ஸ்ட்2 போன்ற ஓர் உண்மையான வட்டுக் கோப்பு முறைமையை அமைக்கும் ராம்வட்டு என்பதும் இவர்கள் வாயில் ராம் கோப்பு முறைமைதான். அங்கே சிங்க் வெறுஞ்சொல் அன்று. கோப்பின் புதிய உள்ளடக்கம் பக்கச் சேமிப்பில் ஒரு பிரதியாகவும், பழைய உள்ளடக்கம் ராம்வட்டில் இன்னொரு பிரதியாகவும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். இரண்டும் ராமிலேயே இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. அவ்வேளையில் வட்டின் பிம்பத்தை அப்படியே வாரிப் பிளாஷில் எழுதினால், எழுதப்படுவது நேற்றைய நிலையும் இன்றைய நிலையும் கலந்த ஒரு கதம்பமாகும். அன்றியும் எக்ஸ்ட்2, மவுண்ட் செய்தவுடன் தன் தலைமைக் கட்டத்திலே ‘ஒழுங்காக மூடப்படவில்லை’ என்று குறித்துக்கொண்டு, அன்மவுண்ட் செய்யும்போதே அக்குறிப்பை நீக்குகின்றது. மூடாமல் எடுத்த பிம்பம் அடுத்த தொடக்கத்தில் தன்னைத்தானே சந்தேகித்துக்கொண்டு எழும். முற்காலத்தில் தொடக்கப் பிம்பங்களை ராம்வட்டில் கட்டி எடுத்தவர்கள் அன்மவுண்ட் செய்த பின்னரே படியெடுத்தார்கள். அது சடங்கன்று, காரணமறிந்த ஒழுங்கு. டெம்ப்எஃப்எஸ்ஸைப் பற்றிய உண்மையை ராம்வட்டுக்கும் நீட்டுகிறவர் அந்தக் காரணத்தைத்தான் தொலைத்துவிட்டார்.

ஆயினும் ராம்வட்டு இப்பொழுது அருகி வருவது. அதைக் கொண்டு மட்டும் வழக்கை வெல்ல நினைப்பது சிறுமை. டெம்ப்எஃப்எஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். கேர்னலின் கண்ணுக்கு அதற்கு அப்பால் ஊடகம் இல்லை என்பது சரி. கருவியின் கண்ணுக்கு? உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயத் தறையொன்றிலே மண்ணின் ஈரத்தை அளக்கும் ஒரு பதிவியை ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியைக் கொண்டு அமைக்கின்றான் என்று கொள்வோம். அதன் பிளாஷ் நினைவட்டை தேயக்கூடாது என்று கேள்விப்பட்டு, ஒவ்வோர் அளவையும் டெம்ப்எஃப்எஸ்ஸில் எழுதுகின்றான். நள்ளிரவில் ஒரு தடவை அன்றைய கோப்பை அட்டைக்குப் படியெடுக்கின்றான். இவன் செய்ததையே பதிவுகளுக்காகச் செய்யும் லொக்2ராம் என்ற பொதி உலகெங்கும் வழங்குகின்றது. அதுவும் நாளுக்கொரு தடவையும் நிறுத்தும்போதும் ராமிலுள்ள பதிவுகளை அட்டைக்கு ஏற்றும். அப்படியானால் அந்த டெம்ப்எஃப்எஸ்ஸுக்கு அப்பால் ஓர் ஊடகம் இல்லை என்று எப்படிச் சொல்வது? இருக்கின்றது, அந்த உறவு கேர்னலுக்குத் தெரியாமல் மாணவனுக்கு மட்டும் தெரிந்திருக்கின்றது, அவ்வளவே. கடைக்காரர் பகலெல்லாம் சிட்டையில் குறித்துக்கொண்டு இரவில் பேரேட்டில் பதிகின்றார் என்றால், சிட்டை கிழித்தெறியப்படும் தாள் என்பதால் பதிய ஒன்றுமில்லை என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் சொல்வதில்லை. கேர்னல் தான் செய்யாத சிங்க்கை மனிதன் செய்யவேண்டியவனாகின்றான். கேர்னலின் சிங்க் வெறுமையானது என்ற அதே காரணத்தால்தான் கருவியின் சிங்க்குக்கு முழுப் பொறுப்பும் கருவியை எழுதினவன் தலைமேல் விழுகின்றது. எதிர்க்கட்சியினர் இந்த அனுமானத்தைத் தலைகீழாகப் பிடித்து, கேர்னல் செய்வதில்லை, ஆகவே நானும் செய்யவேண்டியதில்லை என்கின்றனர்.

இந்தத் தலைகீழ்ப் பிடியினால் விளையும் கேடு படியெடுக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகின்றது. சிங்க்கை இழிவாக நினைக்கப் பழகிய கை, ராமிலிருந்து அட்டைக்குப் படியெடுத்த கோப்பையும் சிங்க் செய்யாமல் விட்டுவிடுகின்றது. படியெடுக்கும் கட்டளை முடிந்துவிட்டது. ஆகவே எழுதியாயிற்று என்று எண்ணுகின்றான் மாணவன். எழுதியாகவில்லை. அட்டைக்குரிய அழுக்குப் பக்கங்கள் இன்னும் ராமிலேயே இருக்கின்றன. லினக்ஸின் வழமையான அமைப்பில் ஒரு பக்கம் 30 விநாடி பழையதான பின்னரே வெளியேற்றத் தகுந்ததாகக் கருதப்படும். அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால், ராமிலிருந்த மூலமும் போய்விடும், அட்டையிலிருக்கவேண்டிய படியும் பிறவாமலே போய்விடும். அதனினும் கெட்டது, நேற்றைய நல்ல கோப்பின் மேலேயே இன்றையதை எழுதத் தொடங்கி நடுவில் நின்றுபோவது. அப்பொழுது நேற்றையதும் கூடச் சேர்ந்து போகும். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பரவத் தொடங்கிய வேளையில், மேசைக் கணினிகளிலேயே அமைப்புக் கோப்புகள் பூச்சிய நீளத்தோடு எழுந்து நின்றதைக் கண்டு பயனாளர் கொதித்தெழுந்ததும், அக்கோப்பு முறைமையை ஆக்கியவர்களில் ஒருவரான தியடோர் சோ, புதுப்பெயரில் எழுதி, அந்த ஒரு கோப்பை மட்டும் ஊடகத்துக்குத் தள்ளும் ‘எஃப்சிங்க்’ செய்து, அதன் பின்னரே பழைய பெயருக்கு மாற்றுங்கள் என்று பொறுமையாக விளக்க நேர்ந்ததும் இத்துறையில் இருப்போர் அறிந்ததே. அவ்விளக்கம் ராம் கோப்பு முறைமை வைத்திருப்பவனுக்கு மற்றெவரையும்விட அதிகமாகப் பொருந்தும். ஏனெனில் மற்றவர் ஒரு கோப்பை இழப்பார், இவன் ஒரு நாளை இழப்பான்.

இரண்டாவது தூணுக்கு வருவோம். அன்மவுண்ட் செய்தாலும் அழிகின்றது, செய்யாவிட்டாலும் அழிகின்றது என்கிறார்கள். அன்மவுண்டின் பயன் அழிப்பதில்தான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? அது ஒரு சாட்சி விசாரணை. ஏதேனும் ஒரு செயலி அந்தக் கோப்பு முறைமையில் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும், அதன் அடைவொன்றில் நின்றுகொண்டிருந்தாலும், அதன்மேல் வேறொன்று மவுண்ட் செய்யப்பட்டிருந்தாலும், கேர்னல் அன்மவுண்டை மறுத்து ‘வேலையாயிருக்கின்றது’ என்று திருப்பியனுப்பும். அதற்கு முற்பட்ட படியான, கோப்பு முறைமையை வாசிக்க மட்டுமென மாற்றி மவுண்ட் செய்தலும் அவ்வாறே, எழுதுவதற்கென எவரேனும் திறந்து வைத்திருந்தால் மறுக்கப்படும். இந்த மறுப்பைவிட மதிப்புள்ள தகவல் நிறுத்தும் நேரத்தில் வேறில்லை. படியெடுத்து முடித்துவிட்டோம் என்று நாம் நினைத்திருக்கையில் இன்னும் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கின்றார் என்பதை அதுவன்றி வேறெது நமக்குச் சொல்லும்? எழுதுவோரை நிறுத்துதல், வாசிக்க மட்டுமென மாற்றுதல், படியெடுத்தல், படியை எஃப்சிங்க் செய்தல், பெயர்மாற்றல், அடைவையும் எஃப்சிங்க் செய்தல், அதன்பின் ராமை அன்மவுண்ட் செய்தல், கடைசியில் பிளாஷை மூடுதல் என்ற வரிசையில் ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு உத்தரவாதம். இவ்வரிசையில் ராமின் அன்மவுண்டை முன்னே போட்டால் தரவு போயிற்று. அறவே விட்டுவிட்டால் சாட்சி போயிற்று. மறுப்பு வந்தவுடன் ‘சோம்பல் அன்மவுண்ட்’ என்ற விருப்பத்தைப் போட்டு அதன் வாயை மூடுகின்ற வழக்கமும் நம்மிடையே உண்டு. கோப்பு முறைமை கண்ணுக்கு மறைந்துவிடும். அதைப் பிடித்திருப்பவர் பிடித்தபடியே இருப்பார். சாட்சியை நீதிமன்றத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு வழக்கு வென்றதாகச் சொல்லும் அந்த முறையைப் பற்றி மேலும் எழுதக் காகிதம் செலவழிக்க விரும்பவில்லை.

ஒழுங்கின் தேவை றவுட்டரிலே இன்னும் தெளிவாகத் தெரியும். வாசிக்க மட்டுமான அடித்தளத்தின்மேல் எழுதத்தக்க மேற்தளமொன்றை விரித்து வைப்பது இக்கருவிகளின் பொதுவழக்கு. அந்த விரிப்பின் மேற்தளம் ராமிலிருந்தால், விரிப்பை மடிக்காமல் கீழுள்ள பிளாஷை அன்மவுண்ட் செய்ய இயலாது. ஆகவே ராமைக் கவனியாதவன் பிளாஷையும் மூடாமல் விடுகின்றான். ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் றவுட்டர் மென்பொருள் தன்னைத்தான் புதுப்பிக்கும்போது நடப்பதைப் பாருங்கள். புதிய பிம்பம் ராமிலுள்ள தற்காலிக அடைவிலே இறங்கியிருக்கும். பிளாஷை அழித்தெழுதவேண்டும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளே அந்தப் பிளாஷில் இருக்கின்றன. ஆகவே அது தேவையான சில நிரல்களை மட்டும் ராமிலே படியெடுத்து, வேர் அடைவையே அங்கு மாற்றிக்கொண்டு, பழைய வேரை விடுவித்த பின்னரே பிளாஷில் கைவைக்கின்றது. 32 மெகாபைட் நினைவகமே உள்ள பழைய பெட்டியில், அந்நேரத்தில் தேவையற்றவற்றை விடுவித்து இடம் மீட்டாலன்றிப் பிம்பத்தை வைக்கவே இடமிராது. ராமிலுள்ள ஒன்றுக்கு ஒழுங்கு வேண்டியதில்லை என்பவர், தம் வீட்டுப் பெட்டி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த ஒழுங்கினால்தான் உயிர்பிழைக்கின்றது என்பதை அறியார்.

எதிர்க்கட்சியின் நியாயமான பகுதியையும் இங்கே சொல்லிவிடவேண்டும். ராமில் உள்ளவை எல்லாவற்றையும் காப்பாற்றவேண்டும் என்பது என் கட்சியன்று. இயங்கும் செயலிகளின் எண்கள், பூட்டுக் கோப்புகள், செயலிகள் பேசிக்கொள்ளும் வாயில்கள் ஆகியவை அந்த ஓட்டத்தோடு பிறந்து அதனோடு மடியவேண்டியவை. அவற்றைப் பிளாஷுக்குப் படியெடுத்து மறுதொடக்கத்தில் மீட்டுக் கொடுத்தால், இல்லாத செயலியை இருப்பதாக நம்பி மற்றச் செயலிகள் காத்துக்கிடக்கும். அதுபோலவே, கேர்னல் தன் தொடக்கத்தில் விரிக்கும் முதல் ராம் வேரை ஒருபோதும் அன்மவுண்ட் செய்ய முடியாது. உள்ளிருப்பதைத் துடைத்து இடத்தை மீட்டுக்கொண்டு, அதன்மேல் வேறொன்றை ஏற்றி அப்பால் செல்வதே வழி. இவற்றுக்குச் சடங்கு வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். சிங்க், சிங்க், சிங்க் என்று மூன்று வரிகளில் மூன்று தடவை தட்டினால் யாவும் நலம் என்று யூனிக்ஸின் முற்காலத்திலிருந்து வழிவழியாக வந்த பழக்கத்தையும் நான் ஆதரிக்கவில்லை. அக்காலத்தில் சிங்க் என்பது எழுதும்படி சொல்லிவிட்டுக் காத்திராமல் திரும்பிவிடும். மூன்று தடவை தட்டும் நேரத்துக்குள் வட்டு வேலையை முடித்துவிடும் என்பதே அதன் யுக்தி. லினக்ஸ் நெடுங்காலமாகவே எழுதி முடியும்வரை காத்திருக்கின்றது. ஆகையால் டெம்ப்எஃப்எஸ்ஸின் முன்னின்று மும்முறை சிங்க் சொல்கிறவரும், ஒருமுறையும் வேண்டாமென்று சிரிக்கிறவரும் ஒரே குற்றத்தின் இருபுறத்தவர். தரவு எங்கிருந்து எங்கே போகவேண்டும் என்று இருவருமே கேட்கவில்லை.

இனி மூன்றாவது தூண், மின்சாரம். இதைப் பற்றி எங்களுக்கு வெளியூரார் பாடஞ்சொல்லத் தேவையில்லை. அயலூராகிய சுன்னாகத்திலே மின்நிலையம் இருந்தும், 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி வாழ்ந்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட குடாநாடு இது. 2022 மார்ச் மாத முடிவில், நாடு முழுவதற்குமாக ஒரு நாளில் 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, மற்றப் பகுதியார் திகைத்தார்கள். இங்கே பலர் பழைய விளக்கை எங்கே வைத்தோம் என்று தேடினார்கள். ஆயினும் அறிவித்து வரும் வெட்டு ஒருவகையில் தருமமானது. அட்டவணை பார்த்து நிறுத்திவிடலாம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி முற்பகலில் இலங்கை முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை அது என்று துறைக்குரிய அமைச்சரே சொன்னார். குரங்கு அட்டவணை வெளியிடுவதில்லை.

ஆகவே ஒழுங்கான நிறுத்தத்தை நம்பாதே என்ற அவர்கள் வாக்கியத்தை உரும்பிராய் ஏற்றுக்கொள்கின்றது. ஆனால் அந்த வாக்கியத்திலிருந்து பெறப்படுவது என்ன? நிறுத்தும் கணத்தில் ஒழுங்கு செய்ய அவகாசம் கிடையாது என்பது மெய்யானால், அந்த ஒழுங்கு நிறுத்தத்துக்கு முன்னே, நாளெல்லாம், சிறுசிறு தவணைகளாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதே பெறப்படும். கண்டேயாவும் ஃபொக்ஸும் எழுதியதும் இதுவே: விழுந்தெழும் செயலிகள், நிலைத்திருக்கவேண்டிய தரவைத் தம் கையில் வைத்திராமல், அதற்கென்று அமைந்த காப்பகங்களிடம் ஒப்படைத்திருக்கவேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. நிபந்தனையை விழுங்கிவிட்டுச் சலுகையை மட்டும் மேற்கோள் காட்டுவது எந்தச் சாஸ்திரத்திலும் பிரமாணமாகாது. மாணவனின் ஈரப்பதிவிக்கு நள்ளிரவுப் படி போதாது. பிற்பகல் மூன்று மணிக்கு மின்சாரம் போனால், வெயில் ஏறி மண் உலர்ந்த, எல்லாவற்றினும் வேண்டப்பட்ட மணிகள் போய்விடுகின்றன. மணிக்கொரு தடவை படியெடுத்தால் நாளுக்கு 24 எழுதல்கள். அட்டை அதற்குத் தேய்ந்துவிடாது. பிளாஷ் தேயும் என்ற பயத்தினால் ஒருநாள் முழுவதையும் ராமில் தொங்கவிடுவது, ஒவ்வொரு விநாடியும் பிளாஷில் எழுதுவதைப் போலவே கணக்குப் பாராத செயல். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் பொறியியல்.

இக்கருவிகளின் கடிகாரத்தை எண்ணிப் பாருங்கள். ராஸ்பெரி பையின் பெரும்பாலான வகைகளில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது. ஆகவே அவற்றின் மென்பொருள், நேரத்தை மணிக்கொரு தடவை அட்டையிலே ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்து, மீண்டும் எழும்போது அங்கிருந்து தொடர்கின்றது. ஓப்பன்டபிள்யூஆர்டி, அமைப்பு அடைவிலுள்ள கோப்புகளில் மிகப் பிந்தித் தொடப்பட்டதன் திகதியை எடுத்துக்கொண்டு, குறைந்தது இவ்வளவாவது ஆகியிருக்கவேண்டும் என்று ஊகிக்கின்றது. மின்வெட்டுக்குப் பின் இணையமும் வராதிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், இந்தச் சிறு கோப்பு ஒன்றே கருவிக்குக் காலமுண்டு என்பதற்கு ஆதாரம். அது எழுதப்படாதிருந்தால், வெட்டுக்குப் பிந்திய பதிவுகள் வெட்டுக்கு முந்திய திகதியோடு பிறந்து, எது முன் எது பின் என்று பிரிக்கவியலாமற் போகும். ராமில் உள்ளது அழியட்டும் என்பவர், காலமும் ராமில்தான் இருக்கின்றது என்பதை மறந்துவிடுகின்றார்.

உலகத்திலேயே மிகக் கவனமாக எழுதப்பட்ட உட்பொதி கருவிகள் இரண்டு இவ்விஷயத்தில் சாட்சி சொல்ல இருக்கின்றன. அவை இந்த உலகத்தில் இல்லை. செவ்வாயில் 2004 ஜனவரி 4ஆந் திகதி இறங்கிய ஸ்பிரிட் என்னும் ஊர்தி, அம்மாதம் 21ஆந் திகதி திடீரென்று பேச்சொழிந்தது. அதன் பிளாஷில், பயணக் காலத்திலிருந்தே மிஞ்சிக்கிடந்த கோப்புகள் பெருகி, அவற்றின் அடைவுப் பட்டியல் ராமிலே விரியவேண்டிய இடத்தை மீறிவிட்டது. கணினி விழுந்தது, எழுந்தவுடன் அதே பிளாஷை மவுண்ட் செய்ய முயன்று அதே காரணத்தால் மறுபடியும் விழுந்தது, இரவிலும் உறங்காமல் மின்கலத்தைத் தின்றது. பூமியிலிருந்தவர்கள் பிளாஷை மவுண்ட் செய்யாமலே எழும்படி கட்டளையனுப்பி, அதற்குப் பதிலாக ராமிலே ஒரு கோப்பு முறைமையை விரிக்கச் செய்தே அதனை மீட்டார்கள். பின்னர் பிளாஷ் புதிதாக வகுக்கப்பட்டது.

அதன் இரட்டையாகிய ஒப்பர்ச்சூனிட்டி பத்தாண்டு கடந்தும் உழைத்தது. 2014 அளவில் அதன் பிளாஷ் தேய்ந்து, எழுதியதை மறக்கலாயிற்று. புதிதாக வகுத்தும் நோய் தீரவில்லை. ஆகவே பிளாஷை ஒதுக்கிவிட்டு ராமை மட்டுமே கொண்டு அதனை இயக்கினார்கள். செவ்வாயின் இரவிலே ஊர்தி உறங்கும்போது ராம் அழிந்துவிடும். அழியப்போவதற்கு ஒழுங்கெதற்கு என்று பூமியிலிருந்து அதனை இயக்கிய நிலையத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அன்றன்று சேர்த்ததை, உறங்குமுன், மேலே சுற்றிவரும் செயற்கைக்கோள் தலைக்குமேல் வரும் நேரம் பார்த்து அனுப்பிவிடவேண்டும் என்று நாளின் வேலைத்திட்டத்தையே அதற்கேற்ப வகுத்தார்கள். கேர்னலின் சிங்க் அங்கும் வெறுமையே. கோள்விட்டுக் கோளுக்குப் படியெடுத்ததுதான் அங்கே சிங்க். அது முடிந்த பின்னரே உறக்கம்.

செவ்வாய்க்கு ஒரு நிலையம் முழுவதும் காவலிருந்தது. வெங்காயத் தறைக்கு அப்படி யாருமில்லை. அதனால்தான் ஒழுங்கைக் கருவிக்குள்ளேயே வைத்து விற்கவேண்டும் என்கின்றேன். இன்று யாழ்ப்பாணத்துக் கடைகளில் விற்கப்படும் பெட்டிகளின் மேல் எத்தனை வோல்ட், எத்தனை அன்ரெனா, எவ்வளவு வேகம் என்றெல்லாம் அச்சிட்டிருக்கின்றது. மின்சாரம் நின்றால் எத்தனை நிமிடத் தரவு போகும் என்று அச்சிட்ட பெட்டி ஒன்றும் இதுவரை என் கண்ணிற்படவில்லை. அது 60 நிமிடமானால் 60 என்று எழுதட்டும்; 24 மணிநேரமானால் அதையும் கூசாமல் எழுதட்டும். எழுதுவதற்கு முன், தொழிற்சாலையிலே ஒருவர், பெட்டி படியெடுத்துக்கொண்டிருக்கும்போதே அதன் மின்கம்பியை நாள்முழுவதும் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்து, மீண்டும் எழும்போது எவ்வளவு மிஞ்சியது என்று குறிக்கவேண்டியிருக்கும். அந்த எண் பெட்டியின் மேல் இருந்தால், கமராவுக்கு இது போதுமா, தோட்டத்துக்கு அது போதுமா என்பதை உரும்பிராய்ச் சந்தியில் நிற்கும் கமக்காரர் எவருடைய உதவியுமின்றித் தாமே தீர்த்துக்கொள்வார்.